ஆறாம் எண் ரோபோவின் கதவு

1

இந்தக் கதை ஒரு விபத்து அறிக்கையிலிருந்து பிறந்தது. அறிக்கையை எழுதியவனும் நான்தான். அதில் ஒரு வரி பொய். ஏழு மாதமாக அந்த வரியைத் திருத்தத் துணிச்சல் வராமல், கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று ரயோங்கின் மேல் வானம் ஈயத்தகடுபோல…'

வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை.

2

தாய்லாந்தின் ரயோங்கில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டங்களை ரோபோக்கள் வெல்டிங் செய்து பற்றவைக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி வேலி, வேலியில் ஒரு கதவு. கதவைத் திறந்தால் ரோபோ நின்றாக வேண்டும். அதற்காகக் கதவு சுவிட்சிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு இணைப்புகள் போகும். ஒன்று 'திறந்திருக்கிறது' என்றும் மற்றது 'மூடியிருக்கிறது' என்றும் சொன்னால் அலாரம் வரும்.

ஆறாம் எண் ரோபோ ஒரு வாரமாக, கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அலாரத்தைக் காட்டியது. நான் விடுப்பில் இருந்தேன். பராமரிப்புப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் மாலிவன் தனியாகத் தேடினாள். கேபிளை மாற்றினாள். ரிலேயை மாற்றினாள். அலாரம் போகவில்லை.

"அலாரத்த அழிச்சுட்டு ஓட்டும்மா," என்றார் மேற்பார்வையாளர் பைஸான். "உன்ன மாதிரியே அதுவும் சும்மா சும்மா கோவிச்சுக்குது."

"என் கோவத்துக்கும் காரணம் இருக்கும் சார். நீங்கதான் கேக்கறதில்ல."

வியாழக்கிழமை முற்பகல் ஒரு சட்டம் சிக்கிக்கொண்டது. மாலிவன் கதவைத் திறந்தாள். அலாரம் வரவில்லை. ரோபோவும் அசையாமல் நின்றது. நின்றுவிட்டது என்று நம்பி உள்ளே போனாள். உண்மையில் அது சட்டம் விடுபடுவதற்காகக் காத்திருந்தது. அவள் அதை எடுத்ததும் கை வீசித் திரும்பியது. வலது தோளில் மூன்று இடத்தில் முறிவு.

[இங்கே அவளை அலற வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். "நிறுத்துற பட்டன அமுக்குங்க" என்று மட்டும்தான் சொன்னாளாம்.]

3

இனி, எங்களோடு பராமரிப்புப் பிரிவில் இருந்த ஜம்ரோங் வர வேண்டும். அவன்மேல்தான் எனக்குச் சந்தேகம். மனிதன்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல்.

முந்தைய வரைவில், தேய்ந்த சுவிட்சின் ஓர் இணைப்பு விட்டுவிட்டு அறுந்து லைன் நின்றதால், ஜம்ரோங் ஒரு சின்ன ஒயரைக் குறுக்கே போட்டு, அந்த இணைப்பு எப்போதும் 'மூடியிருக்கிறது' என்றே சொல்லும்படி செய்துவிட்டான். புது சுவிட்ச் வரும்வரைதான் என்று நினைத்தான். பெட்டிக்குள் ஒயர்த் தடத்தின் மூடிக்கு அடியில் அது கண்ணில் படவில்லை. மிச்சமிருந்த இணைப்பு அந்த வியாழக்கிழமை ஒட்டிக்கொண்டது. இரண்டுமே 'மூடியிருக்கிறது' என்றன. அதனால்தான் அலாரம் இல்லை.

ஒயரின் கதை சரி. ஆள்தான் வேறு.

விடுப்புக்குப் போவதற்கு முந்தின நாள் அதைப் போட்டவன் நான். யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். திரும்பி வந்ததும் அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஜம்ரோங் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். இல்லாதவன் பெயரை எழுதுவது சுலபமாக இருந்தது. அவன் சேரவிருந்த தொழிற்சாலை எங்கள் அலுவலகத்தில் விசாரித்தது. அந்த வேலை போயிற்று. இப்போது பான் பே கடற்கரையில் மாமனாரோடு கணவாய் மீன் காயவைக்கிறான்.

(இந்தப் பத்தியைப் பதினோரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'நான்' என்ற சொல் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்ந்துவிடுகிறது.)

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் ஜம்ரோங் என்னை மன்னிக்கிறான். அது எனக்காக எழுதியது. மற்றதில் நான் வேலையை விட்டுவிட்டுத் துறவியாகிறேன். அதுவும் எனக்காகத்தான்.

நேற்று மதியம் இதுவரை எழுதியதை மாலிவனிடம் கொடுத்தேன். துளசிக் கறிச் சோற்றை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். வலது கை இன்னும் தோளுக்குமேல் எழாது.

"நீங்கதான்னு தெரியும் அண்ணே."

"எப்படி?"

"ஒயர் நுனிய அவ்வளவு சுத்தமா முடிக்கிறவர் இங்க வேற யாரு?"

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ஏழு மாசம்." காகிதங்களை மடித்து என் பக்கம் தள்ளினாள். "கதை நல்லாத்தான் இருக்கு. ஜம்ரோங் வீட்ல யாரு அண்ணே கதை படிக்கிறா?"

எழுந்து போய், அலுவலகத்திலிருந்து அறிக்கைத் திருத்தப் படிவம் ஒன்றை வாங்கிவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதன் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். கையெழுத்திட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். என் அறிக்கையையும் எல்லோரும் நம்பினார்கள்.