செவ்வந்தியின் பாய்

விடிந்து வெயில் ஏறியும் பக்கத்து வீட்டுச் செவ்வந்தியின் பாய் வெளியே வரவில்லை. கொளஞ்சியம்மாள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு மறுபடியும் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் பொதுவாக, மாட்டுக் கொட்டாயை ஒட்டி இறக்கிய கீற்றுச் சாய்ப்பு காலியாகக் கிடந்தது. மாதவிலக்காகித் தூரமானால் இரண்டு வீட்டுப் பெண்களும் மூன்று நாள் அங்கேதான் குந்துவார்கள். வீட்டில் இருப்பவர்கள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். இந்நேரம் செவ்வந்தி அங்கே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேன் பார்த்திருக்க வேண்டும். நாள் தாண்டி ஒரு வாரம் ஆகிறது.

அந்தப் பாயை நம்பித்தான் கொளஞ்சி காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தூரம் நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது. வயது முப்பத்து மூன்று. முதலில் பிள்ளைதான் என்று நினைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதது வந்தேவிட்டது என்று யாருக்கும் சொல்லாமல் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு உடம்பு நின்ற இடத்தில் கொதிக்கத் தொடங்கியது. கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டும், உடனே குளிரும். கள்ளக்குறிச்சிக்குத் தனியாகப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

"சினைப்பை சுருங்கிப் போச்சும்மா. அம்பது வயசுக்கு ஆக வேண்டியது. என்ன வேலை செய்யறே?"

"பருத்தி கிராசிங்குங்க. வயசுக்கு வந்ததுலேர்ந்து அதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "மருந்தடிக்கிற கொல்லைக்குள்ள நிக்காதே. அதாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா உன்னாட்டம் நிறைய பேர் வர்றாங்க."

நிற்காமல் எங்கே போவது? கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு முடிந்தால் பெண்களுக்கு, கொளஞ்சிக்கும் செவ்வந்திக்கும் கூட, விதைப் பருத்திக் கொல்லைதான். சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பொடி கொண்ட மகரந்தப் பையை நகத்தால் உரித்து எறிய வேண்டும். மறுநாள் காலை வேறு பாத்தியிலிருந்து ஆண் பூவைக் கொண்டுவந்து, உரித்து வைத்ததில் தடவ வேண்டும். பூவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை என்று சிரித்துக்கொள்வார்கள். இலையெல்லாம் மருந்து ஈரம். சேலையைப் பிழிந்தால் சொட்டும். அந்தக் கையோடுதான் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். கொல்லைக்காரர் தனசேகரனுக்கு இருந்தது ஒரே பயம். தூரமான பெண் தொட்டால் பூ கருகிவிடும். "அந்த மூணு நாளு எவளும் இந்தப் பக்கம் வரப்படாது" என்பார், மருந்தைக் குச்சியால் கலக்கிக்கொண்டே.

மாமியார் சாலம்மாள் நாலு பேர் முன்னாலேயே சொல்லியிருந்தாள். "தூரமாவுற வரைக்கும் பாப்போம். நின்னுபோச்சின்னா எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துடுவேன்." புருஷன் பச்சமுத்து அப்போது அங்கேதான் இருந்தான். பீடியைப் பற்றவைத்தான்.

அன்றிலிருந்து செவ்வந்தி குந்தினால் மறுநாள் இவளும் குந்தினாள். உடம்பு சொல்லாத நாளை மனசால் நினைவு வைக்க முடியாது. அதோடு, நிஜமாகத் தூரமானவள் பக்கத்தில் குந்தினால் பொய்யை யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். போன மாதம் மட்டும் செவ்வந்தி திருவிழாவுக்கென்று எலவனாசூர்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் கொளஞ்சி குத்துமதிப்பாக ஒரு நாள் பார்த்துக் குந்தினாள். ஊரிலிருந்து வந்த செவ்வந்தியும் மறுநாளே பாயோடு வந்து சேர்ந்தாள். கணிப்பு தப்பவில்லை என்று கொளஞ்சிக்கு உயிர் வந்தது.

"இன்னாடி, நாளு தள்ளிப் போயிருக்கா?"

பின்னால் சாலம்மாள் நின்றிருந்தாள். அந்தக் குரல் கொளஞ்சி கேட்டறியாத குரல். கொளஞ்சி தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போக, மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ தூக்காத, நான் எடுத்தாறேன்." மத்தியானத்துக்குள் குலசாமிக்கு நேர்ந்துகொண்ட சேவல் ஒன்று வாசல் முளைக்குச்சியில் கட்டியிருந்தது. சாயங்காலம் பச்சமுத்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை உறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனான். அதைப் பார்த்ததும் கொளஞ்சி எழுந்தாள். நேரே செவ்வந்தி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏண்டி, இன்னும் இன்னாத்துக்குடி குந்தல?"

செவ்வந்தி விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "நீ ஏங்க்கா குந்தல?"

"கேட்டதுக்குச் சொல்லுடி. முழுவாம இருக்கியா?"

"அவரு கேரளாவுக்கு வேலைக்குப் போயி எட்டு மாசம். நான் முழுவாம இருந்தா ஊரு சும்மா வுடுமா? இப்பவே எதுத்த வூட்டு குஞ்சம்மா எம் வயித்தப் பாத்துப் பாத்துப் பேசறா." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உன்னத்தாங்க்கா பாத்துக்கினு இருக்கறேன். நீ குந்தினா நானும் குந்திடலாம்னு."

கொளஞ்சிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "உனக்கும் நின்னுபோச்சா?"

"தாய்வூட்டுக்குப் போனப்பவே வரல. போன மாசம் உன்னப் பாத்துத்தான் குந்தினேன்."

"அடிப்பாவி, நான் ஒரு வருசமா உன்னப் பாத்துத்தான்டி குந்தறேன்."

அடுப்பு புகைந்தது. செவ்வந்தி முதலில் சிரித்தாள். கொளஞ்சியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பானையில் உலை கொதித்து வழிந்து நெருப்பை அணைத்தது. எழுந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. செவ்வந்திக்கு இருபத்தொன்பது வயது.

"இப்ப இன்னாக்கா பண்றது?"

கொளஞ்சி அந்தக் கடலைமிட்டாயை நினைத்தாள். பிள்ளைதான் என்று விட்டுவிட்டால் இன்னும் நாலு நாள் அதைத் தின்னலாம். மாமியார் கையால் தண்ணீர் குடிக்கலாம். அப்புறம் வயிறு காட்ட வேண்டும்.

"பாய எடு," என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் இருவரும் துவைகல்லில் துணியை வைத்துக் கசக்கினார்கள். கல்லிலிருந்து தண்ணீர் கறையில்லாமல், ஊற்றியபடியே தெளிவாக ஓடியது.

"நல்லா அடிச்சித் தொவைக்கா," என்றாள் செவ்வந்தி தலை நிமிராமல். "உங்க அத்த பாக்குது."

சாலம்மாள் வாசலில் நின்றிருந்தாள். குனிந்து சேவலின் காலிலிருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சேவல் ஓடவில்லை. கட்டியிருந்தபோது கயிறு எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவு தூரம் நடந்தது, நின்றது, முளைக்குச்சியைச் சுற்றித் திரும்பி நடந்தது.