காலியாக விட்ட எட்டு நிமிடம்

கோல்ஃப் கிளப்பில் அவருக்கு வைத்த பெயர் அலாரம். பத்தொன்பது வருடமாக மார்ஷல் வேலை. ஆடுகிறவர்கள் எங்கும் தேங்கி நிற்காமல் நகர்கிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான் அந்த வேலை. அவருடைய பேட்டரி வண்டி தூரத்தில் தெரிந்தாலே, "அலாரம் வருது, தொலைஞ்ச பந்தைத் தேடாதே, புதுசா ஒண்ணு போடு" என்று யாராவது சொல்வார்கள். அவர் காதிலும் விழும். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். பேச்சு அவருக்குச் சிக்கனம். வண்டியை நிறுத்தி, கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் தாங்காமல் ஆட்டம் நகர்ந்துவிடும்.

மெதுவாக ஆடுகிறவர்களால்தான் மைதானம் மெதுவாகிறது என்று எல்லோரையும் போல அவரும் வெகுகாலம் நம்பியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் கணுக்கால் பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டி ஓட்ட முடியாமல் ஆறாவது குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஆறாவது குழிக்கு அடிக்க வேண்டிய தூரம் குறைவு. நடுவே ஒரு குளம். முன்னால் போன நால்வர் பந்தைக் குழியில் போட்டுவிட்டு நகர்ந்தால்தான் அடுத்த நால்வர் அடிக்கவே முடியும். அதற்கு ஒன்பதரை நிமிடம் ஆகிறது. ஓட்டமும் நடையுமாக ஆடினாலும் ஒன்பதுக்குக் குறையாது. தொடக்க மேடையிலிருந்தோ எட்டு நிமிடத்துக்கு ஒரு கூட்டம் புறப்படுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றரை நிமிடம் பின்தங்கி, பதினோரு மணிக்குள் ஆறாவதில் மூன்று கூட்டம் கைகட்டி நிற்கும். வாசல் குறுகலாக இருந்தால் வருகிறவன் மேல் என்ன குற்றம்?

அந்த ஒரு மாதம் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து கூட்டம் போன பிறகு ஆறாவது கூட்டத்தின் நேரத்தைக் காலியாக விட வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் ஏழு நாற்பது, எட்டு இருபத்தெட்டு, ஒன்பது பதினாறு என்று அந்த நேரங்களில் யாரும் புறப்படக் கூடாது. ஐந்து கூட்டம் சேர்த்துவைக்கும் தேக்கத்தை அந்த எட்டு நிமிடம் விழுங்கிவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் மூச்சு. மைதானம் மூச்சு விடுகிற நேரம்.

இதை முதலில் சொன்னது மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். தொடக்க மேடைக்குப் பக்கத்துக் குடிலில் உட்கார்ந்து, கூட்டங்களை நேரப்படி அனுப்பி, கடைசிக் குழி முடித்து வரும்போது நேரம் குறித்துக்கொள்ளும் ஸ்டார்ட்டர் அவர்தான். இருந்த வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்த மனிதரைப் பத்து வருடத்துக்கு முன் இந்தக் கிளப்புக்குக் கூட்டிவந்தது மார்ஷல்தான். மாப்பிள்ளைக்கு நாக்கில் தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் போய்ச் சொன்னால் பாதியிலேயே ஊமையாகிவிடுவீர்கள், நான் பேசுகிறேன் என்றார். கிளப் செயலாளரிடம் நன்றாகவே பேசினார்.

கிளப் ஒப்புக்கொண்டது. கூட்டம் அதிகமான வியாழக்கிழமைகளில் மட்டும், பதின்மூன்று வாரம் சோதனை. ஓர் ஆட்டம் சராசரி நாலேகால் மணி நேரத்துக்குள் முடிந்தால் மூச்சு நிரந்தரம், மார்ஷல் வேலையும் நிரந்தரம். முடியாவிட்டால் ஆடுகிறவர்களின் வண்டிகளில், எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டும் மின்திரை பொருத்திவிடுவார்கள். ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். மார்ஷல் என்று ஓர் ஆள் தேவையில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. புல்வெளியில் மனிதர்களை நகர்த்துவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

முதல் வியாழன் நாலே முக்கால். இரண்டாவது, அதைவிட ஐந்து நிமிடம் கூடுதல். சாயங்காலம் குடிலில் தேநீரோடு மாப்பிள்ளை நேரங்களை வாசிப்பார். இழவு வீட்டில் பேசுகிற குரல். மார்ஷல் கேட்டுக்கொண்டே நோட்டைத் திறந்து பழைய கணக்கைச் சரிபார்ப்பார். கணக்கு தப்பாது. காலியாக விட்ட எட்டு நிமிடத்தை ஆறாவது குழிக்கு வருவதற்குள் யாரோ தின்றுவிடுகிறார்கள். யார்? வாரா வாரம் அதையே கேட்டார். மைதானம் முழுக்க வண்டியில் அலைந்தாரே தவிர, கூட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எண்ணுவது மாப்பிள்ளையின் வேலை. வீட்டு மனிதர் எண்ணியதை யாராவது திரும்ப எண்ணுவார்களா?

ஐந்தாவது வாரம் மாப்பிள்ளை தேநீரைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம் மச்சான். நம்ம பல் டாக்டரைக் கொஞ்சம் கவனிங்க."

பல் டாக்டர் ஓய்வு பெற்றவர். எழுபத்து நாலு வயது. மனைவி போனபிறகு வியாழக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் அவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது. பந்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், குனிவார், நிமிர்வார், மறுபடி குனிவார். பந்துக்கும் வேர் சிகிச்சை பண்ணுகிறார் என்று கூட ஆடுகிறவர்களே கேலி செய்வார்கள். அவர் மெதுவானவர்தான். அதில் பொய்யில்லை. ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று ஒரு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்த மனிதர், ஆறாவது வியாழன் அந்த ஆளின் பின்னாலேயே வண்டியை ஓட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வியாழனும் அப்படியே. டாக்டரின் பந்து குளத்தில் விழுந்தது. எட்டாவது வாரம் மார்ஷல் அவரைத் தனியாக அழைத்து, கூட்டம் குறைவான வேறு நாளில் வரலாமே என்று மரியாதையாகவே சொன்னார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், மார்ஷலைப் பார்த்தார், தலையாட்டினார். அதன்பிறகு அவர் எந்த நாளும் வரவில்லை.

ஒன்பதாவது வியாழன், நாலே முக்கால். பத்தாவதும் அதேதான்.

பதினோராவது வியாழன், ஆறாவது குழிப் பக்கம் பெஞ்சுக்கு அடியில் ஓர் அட்டை கிடந்தது. புறப்படும்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஸ்டார்ட்டர் நேரம் எழுதிப் பையில் கட்டிவிடுகிற மஞ்சள் அட்டை; நூல் அறுந்து விழுந்திருந்தது. குப்பையில் போடுவதற்காகத்தான் எடுத்தார். எட்டு இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை எட்டு எழுதும்போது ஒரே இழுப்பில் எழுத மாட்டார். சின்னச் சுழி ஒன்று, அதன்மேல் இன்னொன்று, ஒட்டாமல் நிற்கும். அப்படி இரண்டு எட்டு அந்த அட்டையில் இருந்தன. மை புதிது.

எட்டு இருபத்தெட்டு மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்துக்கு அட்டையே கிடையாது.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தேநீருக்குப் போனார். வழக்கம்போலத்தான் போனார். மாப்பிள்ளை நேரங்களை வாசித்தார், உச்சுக்கொட்டினார், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது மச்சான், மனதை விடாதீர்கள் என்றார். அவர் மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை தவறி எழுதியதாக இருக்கலாம். ஒரு வாரம் முழுக்க அந்த ஒருவேளையைத்தான் தின்று உயிர் வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது வியாழன் வண்டியை எடுக்கவில்லை. கால் பிசகிய மாதத்தில் உட்கார்ந்த அதே இடத்தில் அதே நாற்காலியைப் போட்டார். ஏழு மணியிலிருந்து ஒன்பது பதினாறு வரை புறப்பட்டவை பதினைந்து கூட்டம் என்றது மாப்பிள்ளை கொடுத்த தாள். ஒவ்வொரு கூட்டமாக விரல் மடக்கினார். பதினைந்து முடிந்தது. பதினாறு வந்தது. பதினேழு வந்தது. பதினெட்டாவது நால்வர் பேசிச் சிரித்தபடி வந்து, முன்னால் நின்ற இரண்டு கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பைகளை இறக்கி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் மார்ஷலிடம், என்ன சார் உங்க திட்டம், முன்னைவிட மோசமா இருக்கே என்று தமாஷாகக் கேட்டார்.

அன்றைக்குக் குடிலுக்குள் போனதும் அவர் உட்காரவில்லை. அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார். வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடி நின்றது.

"எத்தனை வாரமா?" என்றார் மார்ஷல்.

"முதல் வாரத்திலேர்ந்தே."

"யார் சொன்னது?"

"செயலாளர்தான். மேடை சும்மா கிடக்குது, எங்களை ஏன் நிக்க வைக்கறீங்கன்னு உறுப்பினருங்க சண்டைக்கு வந்தாங்களாம். தாள்ல காலியாவே இருக்கட்டும், ஆளை அனுப்பிடுங்கன்னார். நான் என்ன பண்ணட்டும் மச்சான்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அது உண்மைதான். விட்டிருக்க மாட்டார். மார்ஷல் சுவரைப் பார்த்தார். நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் குத்தியிருந்தது. பல மாதமாக அங்கே இருந்திருக்க வேண்டும். நேரப் பட்டியல் என்று நினைத்து அவர் வாசித்ததில்லை. திரை அறையில் வேலை பார்க்கப் போகிறவருக்கான பயிற்சி நாட்கள். போட்டிருந்த தேதி, சோதனை தொடங்குவதற்கு ஒரு மாதம் முந்தையது. முதல் நான்கு நாட்களுக்கு நேராக மாப்பிள்ளையின் பேனாவால் சரி போட்டிருந்தது.

"பல் டாக்டர்?" என்றார். "அவரைக் காட்டச் சொன்னதும் செயலாளரா?"

மாப்பிள்ளை அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரையாவது காட்டணும் மச்சான். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

வீட்டுக்கு நடந்தே போனார். பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறார். கிள்ளிய கையே தேநீரும் ஊற்றிக் கொடுக்கும் என்பது தெரியாமல் இருந்தது. வழியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு போடும்போது தங்கை தலை நிமிராமல், "வேற வேலை ஏதாவது பாத்து வைங்கண்ணா, கால் வேற சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் மேல் அக்கறை என்று நினைத்து இன்னொரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்.

மறுநாள் பல் டாக்டருக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வாழ்நாளில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். தான் மெதுவாக ஆடுவது உண்மைதானே, அதனால் பரவாயில்லை என்றார். திரும்ப வாருங்கள் என்றார் இவர்.

"உங்க கையில கடிகாரம் இருந்துது. கடிகாரம் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போனை வைத்தார்.

பதின்மூன்றாவது வியாழன் சோதனையின் கடைசி நாள். முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தவர்களும் உண்டு. மார்ஷல் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஏழு நாற்பதுக்கு அன்றைக்கு யாரும் வந்திருக்கவில்லை. எட்டு இருபது கூட்டம் புறப்பட்டது. குடிலுக்கு வெளியே எட்டு இருபத்தெட்டுக்காக நால்வர் மஞ்சள் அட்டையோடு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். அதற்குள் மார்ஷல் போய் மேடையின் நடுவில் நின்றுவிட்டார்.

நால்வரும் அவர் நகர்வார் என்று பார்த்தார்கள். அவர் நகரவில்லை. மாடத்தில் செயலாளர் வந்து நின்றார். மாப்பிள்ளை மேடை ஓரம்வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் பாக்கறாங்க மச்சான். இறங்கி வாங்க."

"எட்டு நிமிஷம்" என்றார் அவர். அவ்வளவுதான்.

யாரும் அவரைக் கைப்பிடித்து இறக்கவில்லை. பத்தொன்பது வருட மௌனத்துக்கு அந்த அளவு மரியாதை மிச்சமிருந்தது. எதிரே புல்வெளி ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. பனி காய்ந்துகொண்டிருந்தது. இந்த மேடையிலிருந்து இதை இப்படிப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. எட்டு முப்பத்தாறுக்கு இறங்கினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு ஆறாவது குழிக்குப் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். எட்டு முப்பத்தாறுக்குப் புறப்பட்ட கூட்டம் பத்து மணிக்குச் சற்று முன் வந்து சேர்ந்தது. முன்னால் யாருமில்லை. பையை இறக்காமலே ஒருவர் பந்தை வைத்து அடித்தார். குளத்தைத் தாண்டி விழுந்தது. என்ன இன்றைக்குக் காத்தாட இருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த கூட்டம் வந்தது. அதுவும் அதிகம் நிற்கவில்லை. நேரங்களைக் குறித்துக்கொண்டார். பதின்மூன்று வாரத்தில் அந்த நோட்டில் ஏறிய உண்மையான வரிகள் அவை மட்டும்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூன்று, நான்கு, ஐந்து. ஒன்பது எட்டுக்குப் புறப்பட்ட கூட்டமும் போய்விட்டது. இனி ஒன்பது பதினாறு, காலி. நோட்டில் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மரங்களுக்கு நடுவே பேச்சுச் சத்தம் கேட்டது. நால்வர் வந்தார்கள். பைகளில் மஞ்சள் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று பார்க்க அவர் எழுந்திருக்கவில்லை.