சம்பந்தி எதிரில் கேட்ட கேள்வி

கல்யாணமாகி முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளுக்குக் கண் மஞ்சளாகி, கல்லீரல் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது.

"அபூர்வமா சில வைரஸ் இப்படிப் பண்ணும்மா. உடம்புல கொப்புளம் ஏதாவது வந்துச்சா?" என்றார் டாக்டர்.

பக்கத்தில் மகளின் மாமியார் நின்றிருந்தாள். மகளின் இடுப்பில் வந்த கொப்புளங்கள் அவர்கள் வாய்க்கு அவலாகிவிடும் என்று மறைக்கச் சொன்னவளே நான்தான்.

"எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது," என்றேன்.

"நான் குடும்பத்தைக் கேக்கல. அது தெரிஞ்சா அதுக்கான மருந்தை இப்பவே ஏத்திடலாம்."

நோயில் நினைவு குழம்பிய மகள் கட்டிலிலிருந்து என்னை வெறித்தாள். "யாரு நீங்க?"

"வந்துச்சு டாக்டர். இடுப்புல. நான்தான் மூடி வைக்கச் சொன்னேன்."

"கௌரவத்தை அப்புறம் பாத்துக்கலாம், சம்பந்தி," என்றாள் மாமியார். "நீங்க மருந்தை ஏத்துங்க டாக்டர்."

மருந்து சொட்டத் தொடங்கியது. மகள் இன்னும் என்னை அந்நியளாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.