கம்பளிக்கு வெளியே பேசியது

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லுவாள். அதை நான் மறுத்ததே இல்லை. ஆனால் அந்த வாய் என் மானத்தை இப்படி வாங்கும் என்று நினைக்கவில்லை.

படுக்கையறையை ஸ்டூடியோ ஆக்குகிறேன் என்று ஒரு மாதம் வீட்டையே தலைகீழாக்கியிருந்தேன். முதலில் பேக்கரியிலிருந்து முட்டை அட்டைகளை அள்ளி வந்து சுவரெல்லாம் ஒட்டினேன். அட்டை இருக்கிறது, முட்டை எங்கே என்று அக்கா சிரித்தாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்ததும் பிய்த்துப் போட்டேன். கடைசியில் துணி காயப்போடும் ஸ்டாண்டுகளை மூலையில் நிறுத்தி, கனத்த கம்பளிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டேன். உள்ளே நின்று கைதட்டினால் எதிரொலி துளிகூட இல்லை. அடடா, என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கம்பளிகளில் இரண்டு அத்தானுடையவை.

அத்தான், அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறார். டிப்போவில் அவர் பாட்டைக் கேட்க ஒரு கூட்டமே உண்டு. ஒரு பெரிய சேர்ந்திசைக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள், ஒரு பாட்டைப் பதிவு செய்து அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அந்தக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் என் கூட்டாளி சொல்லியிருந்தான். நாற்பத்தாறு வயதில் அந்த மனுஷன் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். மைக்குக்குச் சட்டையா தெரியப்போகிறது என்று கிண்டல் செய்தேன்.

கம்பளிக்குள் அவரை நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஒலி அளவு பார்க்க இரண்டு வரி பாடச் சொன்னேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே வயிறும் எரிந்தது. பத்து வருஷமாக நான் கத்திக் கத்திப் பார்த்தும் என் தொண்டையில் வராதது அவருக்குச் சும்மா வந்தது.

பதிவை ஓடவிட்ட நேரத்தில் கூட்டாளி போனில் கூப்பிட்டான். குரல் எப்படி என்று கேட்டான். அத்தானுக்குத்தான் சுற்றிலும் கம்பளியாயிற்றே என்ற தைரியத்தில் பெரிய மேதாவி மாதிரி பேசினேன்.

"குரலா? பஸ் ஹாரன்தான், போ. நான்தான் தட்டிக்கொட்டி ஏதாவது பண்ணணும். அக்கா முகத்துக்காகச் செய்யறேன்."

போனை வைத்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்று குரல் கொடுத்தேன். அத்தான் பாடினார். சுருதி விலகவில்லை, ஆனால் பாட்டில் உயிரில்லை. யாருக்கோ பயந்து பாடுவதுபோல் இருந்தது. இன்னொரு தடவை பாடுங்கள் என்று அதட்டினேன். இவ்வளவுதான் வருகிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

பதிவை முதலிலிருந்து கேட்டேன். பாட்டுக்கு முன்னால், பக்கத்தில் நின்று பேசுவதுபோல என் குரல். பஸ் ஹாரன். அக்கா முகத்துக்காக. ஒரு சொல் விடாமல் விழுந்திருந்தது. கம்பளி அறைக்குள் எதிரொலியை விழுங்குமே தவிர, வெளியே பேசுவதைத் தடுக்காது. மைக்கின் கூர்மையை வேறு நான்தான் கூட்டி வைத்திருந்தேன். எல்லாம் ஹெட்ஃபோன் வழியாக நேரே அவர் காதுக்குப் போயிருக்கிறது. உயிரோடு பாடிய அந்த இரண்டு வரியையாவது அனுப்பலாம் என்று தேடினேன். அளவு பார்ப்பதற்குத்தானே என்று அதைப் பதிவே செய்யவில்லை.

மணி ஐந்தரை. அத்தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லிவிட்டேன், பொறாமையில் உளறிவிட்டேன், மறுபடி பாடுங்கள் அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கும் அடங்காத என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

சமையலறையில் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முன்னாடி நீ பேசினதை வெட்டிடு மச்சான். பாட்டு எப்படி வந்திருக்குன்னு அக்கா கேப்பா. தம்பின்னா அவளுக்கு உசுரு."

வெட்டினேன். பதினோரு விநாடி இருந்தது.