நோயின் பேர் சொல்லாத அறை

அம்மாவுக்குக் கால் வலித்தது, இடுப்பு வலித்தது. எல்லாவற்றையும்விட, சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அப்பா செத்ததிலிருந்து மகளை மனநல மருத்துவர்களிடம் கூட்டிக்கொண்டு அலைகிறாள். முதல் டாக்டர் நோய்க்கு ஒரு பேர் வைத்தார். அடுத்தவர் அதை மாற்றினார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பெற்றவளே பிள்ளைக்கு ஒரு பேர்தான் வைத்தாள். இவர்களுக்கு ஒன்று போதவில்லை.

மகள் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை தந்த நடுக்கம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அதில்தான் போயிற்று. இப்போது வேறொரு கடைக்காரர் கூப்பிடுகிறார். கை நடுக்கம் நின்றால் வரலாமாம். மகளுக்கு வேறு ஆசையே இல்லை.

உள்ளே போனதும் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். "இவளுக்கு மனச்சிதைவு, டாக்டர். குரல் கேட்கும். அப்புறம்..."

புது டாக்டரம்மா கைகாட்டி நிறுத்தினார். "இந்த ரூம்ல நோய் பேர் சொல்றது என் வேலைம்மா. அதையும் கடைசியிலதான் சொல்லுவேன். நடந்தது என்னன்னு அவங்களே சொல்லட்டும்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா மகளைப் பார்த்தார்.

"யார் குரல் கேட்டுச்சு?"

"அப்பா. என்னைக் கூப்பிட்டார். அவர் செத்த மாசம், ரெண்டு மூணு தடவை."

"அப்புறம்?"

"கேட்கவே இல்ல."

"நின்னுபோச்சுன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னை யாரும் விசாரிக்கலையே. அம்மாவே எல்லாம் சொல்லிடுவாங்க."

"வேற என்ன கஷ்டம்?"

"மறதி. காலைல பார்த்தா வாசக்கதவு திறந்து கிடக்கும். ராத்திரி நான்தான் திறந்திருப்பேன் போல. ஞாபகமே வராது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா இன்னும் வெகுநேரம் துருவித் துருவிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாசமானவங்க செத்தா கொஞ்ச நாள் குரல் கேட்குறது நிறைய பேருக்கு நடக்கும். அதை மட்டும் வச்சு நோய்னு எழுத முடியாது. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். கை நடுக்கம் அடங்கும்னு நினைக்கிறேன்."

மகள் அழுதுவிட்டாள். அம்மாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. உடம்பெல்லாம் கூசியது.

"இன்னும் குரல் இருக்கான்னு முதல் டாக்டர் என்கிட்டதான் விசாரிச்சார்," என்றாள். "இருக்குன்னு சொன்னேன். எனக்கு இருந்துச்சு. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

"இப்பவும் கேட்குதாம்மா?"

"ராத்திரியில கதவைத் தட்டுவார். 'நான்தான்'னு சொல்வார்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? எழுந்து போய்த் திறப்பேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அது நீயாம்மா? எனக்குத்தான் பைத்தியம் முத்திப்போச்சுன்னு இத்தனை நாளா பயந்து செத்துட்டிருந்தேன்."

டாக்டரம்மா நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டார்.