விட்டுப்போன வரி

மின்னஞ்சலை நாலாவது தடவை படித்தபோதும் ஜெப்ஸிக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஸ்காட்லாந்தில் மொழிபெயர்ப்பு முதுகலை படிக்க முழு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். வீட்டுப் பேச்சு இரண்டு நிமிடத்தைப் பதிவுசெய்து, எதையும் வெட்டாமல் ஆங்கிலத்தில் தரவேண்டும் என்பது நிபந்தனை. தந்தாள், இறுதிச்சுற்றுக்கும் வந்துவிட்டாள். இப்போது அவர்களிடமிருந்து ஒரே ஒரு கேள்வி. பதிவின் கடைசியில் உங்கள் அம்மா சொல்லும் ஒரு வரி மொழிபெயர்ப்பில் இல்லையே, ஏன்? இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம். அங்கேயும் தமிழ் தெரிந்த ஒரு புண்ணியவான் உட்கார்ந்திருப்பான் என்று யார் கண்டது!

அம்மா ஹில்டா, கப்பலில் வேலைபார்க்கும் அப்பா வில்பிரடுக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாகப் பேசியதைத்தான் ஜெப்ஸி பக்கத்திலிருந்து தன் போனில் பதிவுசெய்திருந்தாள். சீலா மீன் விலை, பக்கத்துத் தெரு ரீனா வீட்டுக் கல்யாணம், மாதா கோயில் கொடியேற்றம் என்று குஷியாகப் போன பேச்சு, கடைசியில் குரல் இறங்கி நின்றது. "மார்ல ஒரு கட்டி இருக்குங்க. டெஸ்ட்டுக்கு எடுத்திருக்காவ." சொன்ன கையோடு ஹில்டா அதை அனுப்பாமல் அழித்துவிட்டு, கட்டி இல்லாத செய்தி ஒன்றைப் புதிதாகப் பேசி அனுப்பினாள்.

கப்பலுக்குப் போனவருக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். தன் அப்பா இறந்த செய்தியே வில்பிரடுக்கு ஐந்து மாதம் கழித்து, ஊர் வந்து பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் தெரிந்தது. அப்படி வளர்ந்த ஜெப்ஸியின் கை, மொழிபெயர்க்கும்போது தானாகவே அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. மறந்தாளா, மறைத்தாளா? அவளுக்கே தெரியவில்லை. பதில் எழுதாவிட்டால் உதவித்தொகை போச்சு, அதோடு படிப்பும் போச்சு. எழுதி, கிடைத்தும் விட்டால்? கட்டியோடு இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு விமானம் ஏறுவதா? சோதனை முடிவு சனிக்கிழமைதான் வரும். அழுகையாக வந்தது.

நண்டு கழுவிக்கொண்டிருந்த ஹில்டா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னளா, பேயறஞ்ச மாரி இருக்க?"

ஜெப்ஸி சொன்னாள்.

"அன்னைக்கே ஒம் போன்ல இருக்கதையும் அழிச்சிரச் சொன்னேம்லா?"

"கடைசி நாளும்மா. வேற பதிவு இல்ல. அங்கன யாருக்குப் புரியப்போவுதுன்னு அப்படியே அனுப்பிட்டேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். ஹில்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதிரு. ஒம் படிப்பு போவக்கூடாது."

விட்டுப்போன வரியை ஜெப்ஸி ஆங்கிலத்தில் தட்டினாள். ஒரே வரிதான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"வாசி, கேப்பம்."

வாசித்தாள்.

"இங்கிலீஷ்ல கேட்டா ஒண்ணும் பயமா இல்லியே," என்று ஹில்டா சிரித்தாள். "இன்னொரு மட்டம் வாசி."

இரண்டாம் முறை அவள் சிரிக்கவில்லை.

"ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் தெரியப்போவுது. அந்த மனுசனுக்கு மட்டும் தெரியாது. என்ன?"

ஹில்டா தன் போனை எடுத்து, கணவரின் பெயரைத் திறந்து, மைக்கில் விரலை அழுத்திப் பிடித்தாள்.

"ஏங்க..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. விரலையும் எடுக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று திரையில் நொடிகள் ஓடின. அடுக்களைச் சட்டியில் உயிரோடிருந்த நண்டு ஒன்று சுரண்டுகிற சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது.