நிறுத்தறதுதான் பேஜாரு

கடல் மீன் வளர்க்கும் ஆசையில், கண்ணாடித் தொட்டிக்கே கையிருப்பு கரைந்துவிட்டது சவுரிராயனுக்கு. தண்ணீர் மரக்காணத்துக் கடலில் சும்மா கிடைத்தது. காற்று ஊதும் மோட்டாரை மட்டும் விழுப்புரத்தில் பழசாக வாங்கினான்.

"நல்லா ஓடுமா?"

"ஓடிக்கினே இருக்கும் சார். நிறுத்தறதுதான் பேஜாரு" என்றார் கடைக்காரர். வியாபாரப் பேச்சென்று இவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் திண்டிவனத்து வீட்டில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தொட்டியில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் நிற்கவில்லை.

"இன்னாங்க இது?" என்றாள் மனைவி லூர்துமேரி.

பாழாய்ப்போன மோட்டாரின் குழாயைத் தண்ணீரிலிருந்து உருவினான். அதன் நுனியிலிருந்து காற்று சூடாக அவன் கன்னத்தில் பட்டது. சற்று நின்று, காற்றை உள்ளே இழுத்து, மறுபடி விட்டது.

பிறகு லேசாக இருமியது.